எட்டடிக் குழாய்

"பர்மிட் வரலை, மூணு நாளாகும்" என்றான் எடைமேடைக்காரன்.
தெற்குத்தெருவுக்கு இந்தப் பக்கம்
கல் ஏற்றாத லாரிகள் நிற்கின்றன,
கல்லைப் போலவே.
மார்கழி.
தொட்டித் தண்ணீர் முதல் சொம்பிலேயே
கெட்டவார்த்தை வரவழைக்கும்.
இடுப்புக்கு வெந்நீர் விடச்சொல்லி எழுதித் தந்த
மேலூர் டாக்டர்
எங்கே வைத்து என்று எழுதவில்லை.

ஆறு இஞ்ச் பிவிசி, எட்டடி. மூடி ரெண்டு. பசை ஒரு டப்பா.
சைக்கிள் கடையில் டியூப் வால்வு ஒன்று.
பூவாளி மூக்கு ஒன்று, இனாமாக.
"வீட்டுக்கா, தோட்டத்துக்கா?"
"கேபின் மேலே."
பில்லில் தோட்டம் என்று எழுதிக்கொண்டார் கடைக்காரர்.

கறுப்பு பெயின்ட் ரெண்டு கை.
மிச்சத்தில் ஒச்சப்பன்
பம்பர் பூதத்துக்கு மீசையை முறுக்கிவிட்டான்.

பிறகுதான் அந்த வேலை:
புளியமரத்தடியிலிருந்து வண்டியை எடுத்து
நட்ட நடு வெயிலில் நிறுத்தினேன்.
நிழலுக்கு அடிதடி நடக்கிற இடம் இது.
எனக்குப் பின்னால் ரெண்டு லாரி அந்த நிழலுக்கு முட்டிக்கொண்டன.
யாரும் என்னைக் கிறுக்கன் என்று சொல்லவில்லை,
டீ மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று குடித்தார்கள்.

முதல் நாள் காற்றை எண்ணாமல் அடித்தோம்.
முப்பதாவது அடியில் மூடி பறந்தது.
மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம்
பர்மிட் கேட்காமல் கிளம்பிப் போயின.
காலையிலிருந்து காய்ந்த நாற்பது லிட்டரும்
முன் கண்ணாடி வழியே இறங்கி
எறும்புப் புற்றுக்குப் போனது.

இரண்டாம் நாள்
மூடிக்கு நாலு ஸ்குரூ. காற்று எட்டு அடி, அதற்கு மேல் இல்லை.
மூன்று மணிக்குத் தொட்டுப் பார்த்தேன், கையை எடுத்துக்கொண்டேன்.
நாலரைக்குச் சாக்கைச் சுற்றி
அதன் மேல் என் கம்பளி.
வெயில் போன பின் வெயிலைக் காப்பது
பிள்ளைத்தாய்ச்சிக்குத் துணை இருக்கிற மாதிரி,
ஒன்றும் செய்ய வேண்டாம், ஆனால் நகரக் கூடாது.

இருட்டியதும் தார்ப்பாயை மறைப்பு கட்டும்போது
பின் வண்டி ஹர்லால் வந்து நின்றான்.
கிஷன்கட்காரன். அவனுக்கும் எனக்கும் தெரிந்த மொழியில்
லோடு, டோல், டீசல், அவ்வளவுதான்.
குழாயைக் காட்டினான். "கரம்?"
ஆறு நாளாக அவன் சட்டை அதே சட்டை.
போ என்றேன்.
போச்சு, என் இடுப்பு போச்சு என்று
டயரில் உட்கார்ந்துகொண்டேன்.

தண்ணீர் விழுகிற சத்தம்.
நின்றது.
வெகுநேரம் சோப்புச் சத்தம்.
மறுபடி கொஞ்சம்.
நின்றது.
ஒரு மனிதன் வால்வை இத்தனை தடவை மூடுவானா?
வெளியே வந்து, சிரித்து,
குழாயை விரலால் தட்டிக் காட்டினான்:
நிறைந்த சத்தம்.
தண்ணீர் இல்லாத ஊரில் பிறந்த கை.

நான் வைகைத் தண்ணீரில் வளர்ந்தவன்.
வைகையில் தண்ணீர் எப்போது இருந்தது என்று கேட்காதீர்கள்,
வால்வை மூட மட்டும் கற்கவில்லை.
தலையில் விழுந்தது, தோளில், பிறகு
வலிக்கிற அந்த ஒரு கையகல இடத்தில்.
எதையும் நினைக்காமல் நின்றேன். டாக்டரைக்கூட.

ஒச்சப்பன் துண்டோடு காத்திருந்தான்.
திறந்தான்.
குழாய் ஒரு பெருமூச்சு விட்டது.
ஒன்றும் சொல்லாமல் தொட்டிப் பக்கம் போனான்,
முதல் சொம்புக்கு அவன் சொன்ன வார்த்தை
எனக்கானது.

விடியுமுன் எழுந்து நானே நிரப்பினேன். மூணு குடம்.
ஏணியில் ஒவ்வொரு குடத்துக்கும் இடுப்பு கணக்குக் கேட்டது.
எட்டு மணிக்கு பர்மிட் வந்தது.
ஏற்றி முடிக்கப் பதினொன்று.
கப்பலூர் டோலில் நீண்ட வரிசை, தலைக்கு மேல் நல்ல வெயில்,
பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மேலே ஒரு குலுங்கல்.

"கேபின் மேலே என்ன அது?" என்றான் டோல்காரன்.
நான் வாயைத் திறக்குமுன்
ஒச்சப்பன் சொன்னான்:
"என்னோடது."